எல்லைக்கல்லும் அரைக் கிண்ணம் கஞ்சியும்

குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டிய ஞானசம்பந்தம், தமிழ்நாடு–கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் ஒருவரை இடித்துவிட்டு, எல்லைக்கல்லையும் கும்பிட்டு விழுந்தார். தலையில் ஏழு தையல்.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில் சதாசிவன்தான் மூன்று நாளாகத் தன் வீட்டுக் கஞ்சியில் பாதியைக் கொடுத்துவந்தார்.

“அண்ணே, தலை தமிழ்நாட்டுலயும் காலு கேரளத்துலயுமாக்கும் நான் கிடந்தேன். எந்த போலீசு கேஸ் எடுக்கும்?”

“கஞ்சியக் குடி.”

“நீங்க இல்லேன்னா பட்டினிதான்.” ஞானசம்பந்தம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “கேஸ் கிடக்கட்டும் அண்ணே. நான் இடிச்ச ஆளு உயிரோட உண்டா? கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ.”

சதாசிவன் போர்வையை விலக்கினார். காலில் மாவுக்கட்டு.

“உண்டு மக்கா, நானாக்கும். நான் தலையும் காலும் கேரளத்துலதான் விழுந்தேன், கேஸும் குடுத்தாச்சு. கோர்ட்டுல உள்ளதச் சொல்லு. இப்போ கஞ்சியக் குடி.”