இரவல் வலை

அம்சா ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. புருஷன் எல்லப்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

நான் எழுந்து நின்றேன். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

எல்லப்பனுக்கு ஆபரேஷன் செய்தவன் நான்.

கட்டுமரத்தை மணலிலிருந்து தள்ளும்போது குடல் இறங்கிச் சிக்கிக்கொண்டுவிட்டது. மாட்டுவண்டியில் போட்டு என் பதினாறு கட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது வயிறு கல்லாக இருந்தது.

எட்டு வருஷத்துக் குடலிறக்கம். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். குப்பத்தில் தெரிந்தால் கட்டுமரத்தில் ஏற்ற மாட்டார்கள் என்ற பயம்.

திறந்து பார்த்தேன். கறுத்திருந்த குடல், வெந்நீர்த் துணி வைத்ததும் மெல்லச் சிவந்தது. அதுவரை சரி. ஆனால் வயிற்றுச் சுவரில் தையல் நிற்கவில்லை. இழுத்த இடமெல்லாம் பழந்துணி மாதிரி கிழிந்தது.

என் அலமாரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நைலான் வலைத்துண்டு இருந்தது. லண்டனில் மேல்படிப்புப் படிக்கும் சிநேகிதன் ஞானதாஸ் தபாலில் அனுப்பியது. ஓட்டைமேல் வைத்துத் தைத்துவிட்டால் சதை அதைப் பற்றிக்கொண்டு வளரும், குடல் மறுபடி இறங்காது என்று எழுதியிருந்தான்.

அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு இதையும் எழுதியிருந்தான்: அவசர கேஸில், குடல் கறுத்த வயிற்றில், வைக்காதே. சீழ் பிடித்தால் அடங்காது.

கடிதம் எனக்கு மனப்பாடம். இருந்தும் வைத்தேன். வலை இழுத்துப் பிழைக்கிறவன் மறுபடி இழுக்க வேண்டுமே என்று இரக்கப்பட்டேன். ஐம்பத்தெட்டாம் வருஷத்தில், எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் எவனும் செய்யாததைச் செய்கிறோம் என்ற மிதப்பும் இருந்தது. இல்லையென்றால் பொய்.

ஐந்தாம் நாள் சீழ் கட்டியது. பென்சிலின் கேட்கவில்லை. ஏழாம் நாள் வலையை வெட்டி எடுத்தேன். ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

பொட்டலத்தைப் பிரித்தேன்.

உள்ளே அந்த வலைத்துண்டு.

வெள்ளைவெளேரென்று இருந்தது. எடுத்த அன்று அது இருந்த கோலம் எனக்குத் தெரியும். வாளியில் கிடந்ததை ஆயா சந்திரம்மாவிடம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.

என் கத்தரி பட்டு அதில் ஒரு மூலை அறுந்திருந்தது. இப்போது அந்த மூலையில் பொடிப்பொடியாக முடிச்சுகள். மீன்வலை முடிகிற கை.

“இரவல் வலைய கயுவி, காய வச்சி, கிய்ஞ்ச எடத்த முடிஞ்சிதான் திருப்பிக் குடுக்கணும் ஐயா. எங்க குப்பத்து வயக்கம்” என்றாள்.

இந்த வலைதான் உன் புருஷனைக் கொண்டுபோயிற்று, என் புத்திதான் கெட்டுப்போயிற்று என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும். அவன் போன நாளிலிருந்து அந்தச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

“இரவல் இல்லேம்மா” என்று மட்டும் ஆரம்பித்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வூட்டுக்காரரும் எட்டு வருசம் இப்டித்தான், அங்கியே கைய வச்சி அமுத்திகினே நிப்பாரு.”

குனிந்து பார்த்தேன். கை வெள்ளைக் கோட்டின்மேல், இடுப்புக்குக் கீழே, தொடை இடுக்கை அழுத்திக்கொண்டிருந்தது. எழுந்து நின்றால் தானாகப் போய்விடுகிற கை. அதன் காரணம் என் மனைவி பர்வதத்துக்குக்கூடத் தெரியாது.

ஞானதாஸ் அந்த வலையை அனுப்பியது எனக்காக. அடுத்த மாதம் மெட்ராஸில் போட்டுக்கொள்வதாக இருந்தேன். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று சும்மாவா சொன்னார்கள்?

“அப்ப ஒங்களுக்குன்னு வச்சிருந்தத அவருக்குக் குடுத்துட்டீங்க. அவரு நாள் கடத்துனாரு. நீங்க கடத்தாதீங்க ஐயா.”

கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

வாசல் பத்தடிதான். கூப்பிட்டிருக்கலாம், சொல்லியிருக்கலாம்.

கூப்பிடவில்லை.