ஓட்டியவர் முகம்

"பிள்ளைங்க இறங்குறப்போ எல்லா வண்டியும் நிக்கணும்னு பஸ்ல சிவப்புப் பலகையை நீட்டியிருக்கேன், அந்த ஆள் பாட்டுக்குத் தாண்டிப் போறார் சார்! ஒரு குழந்தை ரோட்டுல காலை வெச்சிருச்சு," என்று காவல் நிலையத்தில் புகார் சொன்னாள் பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெட்டா.

வெளியே யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் போலீஸ்காரர் ஹாலிஸ் அலுத்துக்கொண்டார். "கார் நம்பர் மட்டும் போதாதும்மா. 'நான் ஓட்டவே இல்லை'ம்பாங்க. ஓட்டினவர் முகத்தை நீங்க அடையாளம் காட்டணும். இதுவரைக்கும் ஒரு பஸ் டிரைவரும் காட்டினதில்லை."

"நான் காட்டுறேன். கட்டம் போட்ட சட்டை. ரெண்டாவது பொத்தான் இல்லை."

"ஓடுற கார்ல பொத்தான் வரைக்குமா தெரிஞ்சுது?"

"தெரியல. காலையில தைச்சுக் கொடுக்கச் சொன்னார், நேரமில்லைன்னு வந்துட்டேன்."

ஹாலிஸின் பேனா நின்றது. "இப்போ எங்கே இருக்கார்?"

"ஹாரன் அடிக்கிறாரே, அவர்தான். என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கார். காத்திருந்து பழக்கமில்லை."