தளத்து வீடு

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றங்கரையில் மழை விடாமல் பெய்கிறது. கப்பல் கட்டும் தளம் தன் ஆட்களுக்குக் கட்டித் தந்த பலகை வீடுகளில் ஒன்றின் சமையலறையில், மேஸ்திரி புரூயிட் ஈரத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். எதிரே வெர்னா. அவள் கணவன் லாய்டை நேற்றுதான் புதைத்தார்கள். போருக்குப் போகும் எண்ணெய்க் கப்பலின் தொட்டிக்குள் இரும்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன், புகையில் மூச்சடைத்து உள்ளேயே செத்துப்போனான். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிறார்கள். “வீடு வேலை பாக்குறவங்களுக்குத்தாம்மா. வெள்ளிக்கிழமை வேற குடும்பம் வருது,” என்கிறார் புரூயிட், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. “அப்போ எனக்கு வேலை குடுங்க. பொம்பளைங்களையும்தான் எடுக்குறீங்களே.” “பத்தவைக்கத் தெரியுமா?” “அவரு மட்டும் தெரிஞ்சுக்கிட்டா பொறந்தாரு?” ஆணியில் தொங்கும் லாய்டின் தோல் கையுறைகளை எடுத்து மாட்டுகிறாள். விரல் நுனிகள் காலியாக மடங்குகின்றன. “முதல்ல, பத்தவைச்ச இடத்துல கசடு தட்டுற வேலைதான் கிடைக்கும்,” என்கிறார். “எங்கே?” புரூயிட் தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். “அந்தத் தொட்டி இன்னும் முடியல, வெர்னா.” தளத்துச் சங்கு ஊதுகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அது ஓய்ந்த பிறகும் வெர்னா கையுறைகளைக் கழற்றவில்லை. பிறகு மேசையடியில் உட்கார்ந்திருக்கும் மகளிடம் குனிகிறாள். “யாராவது கதவத் தட்டினா, அம்மா வேலைக்குப் போயிருக்காங்கன்னு சத்தமாச் சொல்லு.”