கொடுத்த பிறகும் கிளம்பாத சோடியம்

சோடியம் அணுவிடம் ஓர் எலெக்ட்ரான் அதிகப்படியாக இருந்தது. ஓரத்தில் தொங்கிக்கொண்டு ஓயாமல் தொல்லை செய்தது. குளோரின் அணுவுக்கோ ஒன்றே ஒன்று குறைந்தது.

"இந்தா தம்பி, நீயே வெச்சுக்கோ. விட்டது தலைவலி!" என்று சோடியம் அதைத் தூக்கிக் கொடுத்தது. கொடுக்கிற அவசரத்தைப் பார்க்கணுமே!

"நல்லா இருங்கண்ணே" என்று குளோரின் வாங்கிக்கொண்டது.

ஆனால் சோடியம் நகரவில்லை. ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

"கிளம்பலையாண்ணே?"

"கிளம்பணும். நீ ஒழுங்கா வெச்சிருக்கியான்னு பார்த்துட்டுப் போறேன். ஐயோ, அந்தப் பக்கம் வைக்காதே, அதுக்கு ஆகாது!"

எதுவும் குறையாமல், எதுவும் மிஞ்சாமல் பக்கத்தில் கிடந்த நியான் இதைக் கேட்டது. "இதுக்குத்தான் நான் யார்கிட்டயும் கைநீட்டுறதில்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டது.

குளோரினுக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கு வேணாம்ணே. நீங்களே திரும்ப எடுத்துக்கிட்டுப் போங்க."

சோடியம் பதறிப்போய் இன்னும் நெருங்கி உட்கார்ந்தது.

"நல்ல கதையா இருக்கே! அதை எடுத்துக்கிட்டா, அப்புறம் எந்தச் சாக்குல நான் இங்க உட்கார்றது?"