கை நீளம் அறுபத்தெட்டு

ஜன்னல் திரைகளை இறக்கிவிட்டு மேசை விளக்கையும் அணைத்தாள்.

புற ஊதா விளக்கின் ஊதா வெளிச்சத்தில் கோட் கைகளை விரித்துக் கிடந்தது.

"என் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை, ஃப்ராவ் டாக்டர்."

அவள் டாக்டர் இல்லை. பழைய துணிகளைப் பரிசோதித்துச் சான்று எழுதுகிறவள். அவளுடைய தமிழ்ப் பெயர் அவருடைய ஜெர்மன் வாயில் நுழையாததால் ஹெர் ரெடெமான் அப்படிக் கூப்பிட்டார். அவளும் திருத்தவில்லை.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. வந்தவுடன் மேசைக்கு மேல் தொங்கிய விளக்கில் தலையை இடித்துக்கொண்டார். விளக்கிடம் மன்னிப்புக் கேட்டார்.

கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை. ஊர் அருங்காட்சியகத்தில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள்.

'1946, குளிர்காலம். படைவீரர் அல்ஃபோன்ஸ் ரெடெமானின் ராணுவக் கோட். மனைவி ஹெட்விக் தனக்காக வெட்டித் தைத்தது.'

அவள் கையெழுத்துப் போட்டால் கோட்டும் அட்டையும் கண்ணாடிக்குள் போகும். அதற்காக அவர் இரண்டு ரயில் மாறி வந்திருந்தார்.

அட்டைக்கு மேல் ஒரு கல்யாணப் படம். மாப்பிள்ளையின் தலை பெண்ணின் காது வரைதான் இருந்தது.

"சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க அப்பாவுக்கு நாற்காலி வேண்டும். அம்மாவைக் கூப்பிட மாட்டார். ரோஷம்."

அவள் சிரித்தாள். மேசை விளக்கைப் போட்டுக் கழுத்துப்பட்டையை மடித்துப் பார்த்தாள்.

வெளியே பழுப்புச் சாயம். மடிப்புக்குள் பழைய சாம்பல் பச்சை. போரில் தோற்ற நாட்டில் ராணுவ நிறத்தோடு யாரும் தெருவில் நடக்கக் கூடாது என்பது அன்றைய உத்தரவு. சமையலறைப் பாத்திரத்தில் வைத்துக் காய்ச்சிய சாயம். திட்டுத் திட்டாக இருந்தது.

அது நல்ல அறிகுறி. போலி செய்கிறவர்கள் ஒரே சீராகச் சாயம் போடுவார்கள்.

கைகளை ஒரு சாண் குறைத்திருந்தார்கள். இடுப்பைப் பிடித்திருந்தார்கள். உலோகப் பொத்தான்கள் போய் மரப் பொத்தான்கள். பழைய லைனிங்கை எடுக்காமல், அதன் மேலேயே இன்னொரு லைனிங். வெள்ளைத் துணியில் சிறு பூக்கள். தலையணை உறையாக இருந்திருக்கலாம்.

இனி நூல். மேசை விளக்கை மறுபடி அணைத்தாள்.

இன்றைய வெள்ளை நூல் இந்த விளக்கில் நீலமாக எரியும். அந்தக் காலத்து நூல் எரியாது.

தோள் இருட்டு. கை இருட்டு. ஓரம் முழுவதும் இருட்டு.

எல்லாம் ஒரே கையின் தையல். சின்னச் சின்னதாக, நூலை வீணாக்காத தையல்.

ஹெர் ரெடெமான் தன் மனைவி வைக்கும் உருளைக்கிழங்கு சூப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உப்பே இருக்காதாம். கேட்டால் உன் இதயத்துக்காக என்பாளாம்.

அவள் கோட்டின் இடது மார்புப் பக்கத்தைத் திருப்பினாள்.

விரல் நீளத்துக்கு ஒரு தையல் நீலமாக எரிந்தது.

சூப் கதை பாதியில் நின்றது.

அவள் சிறிய கத்தியை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. நான்கு தையல்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, முடிவில் ஒரு பெரிய முடிச்சு. அறுத்துவிட்டுப் பூத்துணியைத் தூக்கினாள்.

பழைய லைனிங்கில் கறுப்பு மை முத்திரை. ஐந்து எண்கள். முதுகு, கழுத்து, மார்பு, மொத்த நீளம், கை நீளம். ராணுவக் கிடங்கில் ஆளைப் பார்த்து, இந்த எண்களைப் பார்த்துத்தான் கோட் கொடுப்பார்கள்.

கை நீளம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.

கல்யாணப் படத்தில் இருந்தவருக்கு விரல் நுனியையும் தாண்டித் தொங்கியிருக்கும்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. மேசை மேல் நீண்டிருந்த இரண்டு கைகளைப் பார்த்தாள். கருநீலச் சட்டையின் கை மணிக்கட்டு வரை எட்டவில்லை. கடையில் விற்கும் எந்தச் சட்டையும் எட்டாது.

அந்தச் சட்டைக் கையில் ஒரு பொத்தான். அதைத் தைத்திருந்த நூலும் நீலமாக எரிந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. முடிவில் ஒரு பெரிய முடிச்சு.

அவள் மேசை விளக்கைப் போட்டாள்.

"அப்பாதான் எனக்கு சைக்கிள் விடக் கற்றுக் கொடுத்தார்," என்றார். "பின்னாலேயே ஓடி வருவார். சின்னக் கால். ஆனாலும் விழ விட்டதில்லை."

அவள் படிவத்தை எடுத்தாள்.

துணி: அசல்.

சாயம்: போருக்குப் பின், வீட்டில் போட்டது.

தையல்: அதே காலம், ஒரே கை.

அளவு முத்திரை.

பதினெட்டு வருடங்களில் அந்தக் கட்டத்தில் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள். பேனா அங்கே நின்றது. பிறகு குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

இழுப்பறையில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பழைய நூல் உருளைகள். மரத்தில் செய்தவை. சாயம் ஏற்றாத மங்கல் வெள்ளை ஒன்றை எடுத்து ஊசியில் கோத்தாள்.

"இந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

அவர் பிடித்துக்கொண்டார்.

ஹெட்விக்கின் ஊசி போன துளைகள் துணியில் அப்படியே இருந்தன. அவள் ஒவ்வொன்றாக அதே துளைகளில் இறங்கினாள். சின்னத் தையல். நூலை வீணாக்காமல்.

முடித்து, நூலைக் கடித்தாள்.

மேசை விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கை இன்னும் தாழ்த்திப் பிடித்து ஒருமுறை பார்த்தாள். கோட் முழுவதும் இருட்டு.

மேசை விளிம்பில் மட்டும் ஒரு நீலப் புள்ளி.

அவர் கையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டார்.