கைப்பையில் போன கொழுந்து

“கைப்பையைத் திற!”

காபி விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் குன்னெல் கத்தினாள்.

நாத்தனார் சீவ் கைப்பையை அணைத்துக்கொண்டாள். “எதுக்கு?”

“என் கோலியஸ் செடியோட கொழுந்தைக் கிள்ளி உள்ளே போட்டியே, நான் பார்க்கலைன்னு நினைச்சியா?”

அது லேசுப்பட்ட செடி இல்லை. பிப்ரவரி இருட்டில், தூசி மாதிரி விதையை மண்மேல் தூவி, ஜன்னலோரம் விளக்கு வைத்து குன்னெல் வளர்த்தது. முளைத்ததெல்லாம் பச்சையாகவே நிற்க, ஒன்றின் இலைகள் மட்டும் கருஞ்சிவப்பும் மஞ்சள் விளிம்புமாக மாறின. மறுபடி விதை போட்டால் அந்த நிறம் வராது; கிளையைக் கிள்ளி நட்டால்தான் வரும். அந்தப் பெருமையில் யாருக்கும் ஒரு கிளைகூடத் தந்ததில்லை.

கிளை கொடுத்தவருக்கு நன்றி சொல்லக்கூடாது, சொன்னால் வேர் பிடிக்காது என்பது எங்கள் ஸ்வீடனில் வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. குன்னெலிடம் யாருக்கும் அந்தப் பிரச்சினையே வந்ததில்லை. கொடுத்தால்தானே!

சற்றுமுன்தான், “செடிக்குத் தண்ணி ஊத்துறது எப்படின்னு என்கிட்ட கத்துக்கோங்க” என்று எல்லாருக்கும் பாடம் நடத்தி முடித்திருந்தாள்.

“ஆமா, கிள்ளினேன்.” சீவ் சிரித்தாள். “திருடின கிளைதான் நல்லா வளரும்னு சொல்றாங்களே!”

“வெட்கமா இல்லை? கேட்டிருந்தா...”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பியாக்கும்!”

விருந்தாளிகள் கொல்லென்று சிரித்தார்கள். குன்னெலுக்கு முகம் சிவந்துவிட்டது.

“திருடி! இனிமே என் வாசப்படி மிதிக்காதே!”

சீவ் கோட்டை மாட்டிக்கொண்டு கைப்பையோடு கிளம்பிவிட்டாள்.

சில வாரங்களில் செடி சாய்ந்தது. அடித்தண்டு கூழாகியிருந்தது. கிள்ளி வைக்க ஒரு நல்ல கொழுந்துகூடத் தேறவில்லை. இனி அந்த நிறம் கிடைக்காது என்று குன்னெல் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். பொறுக்காமல் கணவன் ரூனே தன் தங்கை சீவுக்குப் போன் போட்டான்.

மறுநாள் அழைப்பு மணி அடித்தது. வெளியே சீவ். கையில் சின்னத் தொட்டி. அதே கருஞ்சிவப்பு, அதே மஞ்சள் விளிம்பு.

“உள்ளே வரலை. வாசப்படி மிதிக்கக்கூடாதே!”

“சீவ்... இது...”

“அன்னிக்கே அடித்தண்டு கறுத்திருந்துச்சு. நீ தண்ணியை ஊத்தி ஊத்தி அழுக விட்டுட்டே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“நீ ஊருக்கே பாடம் நடத்திட்டிருந்தே. அத்தனை பேர் முன்னாடி உன் மானத்தை வாங்கவா? அதுக்கு நான் திருடியாவே இருந்துட்டுப் போறேன்.”

குன்னெல் தொட்டியை வாங்கிக்கொண்டாள். “உனக்கு எப்படி நன்...”

சீவ் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

“சொல்லித் தொலைச்சுடாதே! இப்பத்தான் வேர் விட்டிருக்கு. இன்னொரு தடவை என்னால திருட முடியாது!”