பன்னிரண்டாவது ஃபேன்

கோச் ஷட்டில்காக்கை உயரத் தூக்கிப் போட்டார். அது நேராக இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டடி தள்ளி அடுத்த கோர்ட்டில் போய் விழுந்தது.

ஃபேன்களையெல்லாம் நிறுத்தச் சொன்னார், தெலுங்கில்.

ஹைதராபாத் அல்வாலில் தமிழ்க் காலனிக்காரர்கள் கட்டிய இண்டோர் ஸ்டேடியத்துக்கு அன்றுதான் பரீட்சை. கோச்சின் ஷட்டில் அகாடமிக்குப் பிடித்துவிட்டால் தினம் நாலு பேட்ச், நூற்றிருபது பிள்ளைகள். கொண்டு வந்து விடுகிற அப்பா அம்மாக்கள் இரண்டு மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பார்கள்? அவர்களை நம்பித்தான் வெளிச்சுவரை ஒட்டி எட்டுக் கடைகள். கான்வென்ட் வேலையை விட்டுவிட்டு டிபன் கடை எடுத்திருந்த ரோஸ்லின் இட்லிக்கு மாவே அரைத்துவிட்டாள்.

பிடிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது, கல்யாண மண்டபம். முகூர்த்த நாள் போக மற்ற நாளெல்லாம் எட்டுக் கடைகளும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

பதினொரு மணிக்கு மல்காஜ்கிரியில் இன்னொரு ஹாலைப் பார்க்க வேண்டும் என்று கோச் வந்ததிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார்.

ஷட்டில் ஆடுகிற இடத்துக்குக் காற்று ஆகாது என்பது காலனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தகரக் கூரையாயிற்றே, பிள்ளைகள் வெந்து போகுமே என்றுதான் தோன்றியது. ஆளுக்கொரு ஃபேன் உபயம் செய்யலாம் என்று ராமசுவாமி நோட்டீஸ் ஒட்டினார். கோயில் டியூப்லைட்டில்கூட வெளிச்சம் வராத அளவுக்குப் பெயர் எழுதுகிற ஜனம், சும்மா இருக்குமா? பதினொரு பேர் கொடுத்தார்கள். பன்னிரண்டாவதைக் கொடுத்தவர் லிஸ்டில் பெயர் வேண்டாம் என்றுவிட்டதாக ராமசுவாமி சொன்னார்.

ராமசுவாமி டிஃபென்ஸ் ஃபாக்டரியில் எலெக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்து ரிடயரானவர். ஹாலின் ஒயரிங் முழுக்க அவர் கைவேலை. சாவியும் அவரிடம்தான்.

அவர் போய் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டினார்.

ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. நிற்க நிற்க இறக்கைகளில் சிவப்புப் பெயிண்டில் பெயர்கள் தெரிந்தன. கோவிந்தராஜன் குடும்பத்தார். நாகம்மா கர்ரி பாயிண்ட். திருமுல்கேரி நண்பர்கள்.

பன்னிரண்டாவது மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

கூடவே வந்து நின்ற ரோஸ்லின் ஸ்விட்ச் போர்டைப் பார்த்தாள். பதினொரு ஸ்விட்ச்தான் இருந்தது. மறுபடியும் எண்ணினாள்.

ராமசுவாமி எண்ணவில்லை. அந்த ஃபேனுக்கு ஸ்விட்ச் கிடையாது. மெயினிலிருந்து நேராக லைன் இழுத்தவர் அவர்தான். தினமும் காலையில் பூட்டைத் திறந்து, சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பால் வாங்கப் போவார்.

கோச் மறுபடியும் தூக்கிப் போட்டார். ஷட்டில்காக் மறுபடியும் கோட்டைத் தாண்டிச் சாய்ந்தது. ஒரே ஒரு ஃபேன்தானே, ஓரத்தில்தானே சுற்றுகிறது என்று ராமசுவாமி தெலுங்கில் சொல்லிப் பார்த்தார். குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது. கோச் தலையை ஆட்டிவிட்டு, ராக்கெட்டை உறையில் போட ஆரம்பித்தார்.

"அங்கிள், மெயினையே இறக்கிடுங்களேன்," என்றாள் ரோஸ்லின்.

அது அவருக்குத் தெரியாதா? கைதான் எழவில்லை. திறந்த வாசல் வழியாகப் பார்த்தார். எட்டுக் கடைகளின் ஷட்டர்களும் பாதி தூக்கியபடி இருந்தன. நாகம்மா கரண்டியோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெயினை இறக்கினார்.

விளக்குகள் சட்டென்று அணைந்தன. ஃபேன் உடனே நிற்கவில்லை. வேகம் தணிந்து, வட்டம் கலைந்து, இறக்கைகள் மூன்றும் தனித்தனியாயின. வாசல் வெளிச்சத்தில், ராமசுவாமியின் கையெழுத்து தெரிந்தது.

முதல் இறக்கையில், உபயம். அடுத்ததில், ரா. அச்யுத். மூன்றாவதில், முதல் மாதச் சம்பளம்.

காலனியில் அந்தப் பையனைத் தெரியாதவர் இல்லை. ஹைடெக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவனுடைய இரண்டாவது மாதச் சம்பளத்தை, கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் உறையில் போட்டு, மாலையோடு ராமசுவாமி வீட்டுக்கு எடுத்து வந்தார்கள்.

கோச்சுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கடைசியாக ஒரு முறை என்று தூக்கிப் போட்டார். ஷட்டில்காக் நூல் பிடித்தாற்போல் இறங்கி, கோட்டின்மேல் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார். வெளியே யாரோ கை தட்டினார்கள். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக முழுக்க ஏறுகிற சத்தம் கேட்டது.

ரோஸ்லின் அண்ணாந்தபடியே நின்றாள்.

ராமசுவாமி கோச்சுக்குக் கை கொடுத்துவிட்டு வந்து, மெயினை ஏற்றினார். விளக்குகள் எரிந்தன. பன்னிரண்டாவது ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது; எழுத்துகள் மறைந்தன.

"சாயங்காலத்துக்குள்ள இதுக்கும் ஒரு ஸ்விட்ச் வெச்சுடறேம்மா," என்றார்.